வாடிய கொடிக்குத் தண்ணீர் விடலாமா?

கொடிக்காலில் இலை அழுகலும் வாடல் நோயும்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து, ஐந்தாம் நாள் சுள்ளென்று வெயில் அடிக்கிறது. கொடிக்காலுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது, வரிசை நடுவே இரண்டு மூன்று கொடிகள் மட்டும் தலை தொங்கி நிற்பதுதான். நேற்று வரை பளபளவென்று இருந்த இலைகள் மினுமினுப்பு இழந்து, வெந்நீர் பட்ட கீரை போலத் துவண்டு கிடக்கின்றன. மழைக்குப் பின் வந்த வெயில் தாங்காமல் வாடிவிட்டது என்று எண்ணி, மாலையில் அந்த வரிசைக்கு மட்டும் ஒரு தண்ணீர் விடுகிறார். மறுநாள் ஐந்து கொடி வாடுகிறது. அடுத்த வாரம் பாதி வரிசை போய்விடுகிறது.

கொடிக்கால் உள்ள ஊர்களில் இது அடிக்கடி நடப்பதே. கரூர், பரமத்தி வேலூர் பகுதியின் காவிரிக் கரையிலும், கும்பகோணத்தைச் சுற்றிய கிராமங்களிலும், சோழவந்தானிலும், தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூரிலும் வெற்றிலை வைத்தவர்களில் இந்த வாடலுக்குக் கொடியைப் பறிகொடுக்காதவர் அநேகமாக இருக்க மாட்டார். ஆத்தூர் வெற்றிலையும் சோழவந்தான் வெற்றிலையும் 2023-ஆம் ஆண்டிலும், கும்பகோணம் வெற்றிலை 2025-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. பெயர் பெரியதுதான். ஆனால் பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் அரை ஏக்கர், கால் ஏக்கர்க்காரர்கள். குத்தகை நிலத்தில் வைத்திருப்பவர்களும் நிறையப் பேர். இவர்களுக்கு ஒரு மழைக்காலத்தில் கொடி போனால் இரண்டு வருஷ உழைப்பு போனதாகவே அர்த்தம்.

செலவைக் கணக்கிட்டால் இது விளங்கும். அகத்தி விதைத்து, அது ஆள் உயரம் வரும் வரை காத்திருந்து, கொடி நட்டு, நார் எடுத்துக் கட்டி, முதல் இலை கிள்ள மாதக் கணக்கில் ஆகிறது. ஹெக்டேருக்கு ஒரு லட்சம் விதைக்கொடி என்பது பரிந்துரை. அப்படியானால் ஏக்கருக்கு 40 ஆயிரம் கொடி. விதைக்கொடி விலையும் நடவுக் கூலியும் முதல் இலை விற்பதற்கு முன்பே கையை விட்டுப் போய்விடும் பணம். நெல்லைப் போல ஒரே அறுவடையில் திரும்பி வராது. பதினைந்து, இருபது நாளுக்கு ஒருமுறை கிள்ளிக் கிள்ளித்தான் அந்த முதலைத் திரும்ப எடுக்க வேண்டும். நடுவில் கொடி செத்தால் கணக்கு அங்கேயே அறுந்துவிடும்.

இவ்வளவு முதல் போட்ட பயிரில், நோய் கண்டதும் பலர் முதலில் செய்வது அந்த நோய்க்குத் தீனி போடும் காரியமாக இருக்கிறது என்பதுதான் வருத்தமான விஷயம். அதுதான் அந்த மாலை நேரத்துத் தண்ணீர்.

தாகமா, அழுகலா?

கொடி வாடுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. இலைக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஆனால் அது போய்ச் சேராததற்கு இரண்டு வழி இருக்கிறது. மண்ணில் ஈரம் இல்லாமல் இருக்கலாம். அல்லது மண்ணில் ஈரம் நிறைய இருந்தும், அதை உறிஞ்சும் வேரும் மேலே கொண்டு போகும் தண்டும் அழுகிப் போயிருக்கலாம். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் கயிறு அறுந்து போனால் வீட்டில் குடம் காலிதான். அப்போது கிணற்றில் இன்னும் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? இலையைப் பார்த்தால் இரண்டு வாட்டமும் ஏறக்குறைய ஒன்று போலவே தெரியும். ஆகவே இலையை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு.

முதலில் நேரத்தைக் கவனிக்க வேண்டும். தண்ணீர்த் தாகத்தால் துவண்ட கொடி உச்சி வெயிலில் தொங்கினாலும் மாலை சாய்ந்ததும் நிமிர ஆரம்பிக்கும். விடியற்காலையில் இலை விறைப்பாக இருக்கும். அழுகல் கண்ட கொடி விடியற்காலை ஆறு மணிக்கும் தொங்கியபடியே இருக்கும். எனவே வாட்டம் தெரிந்த அன்று மாலையே மடையைத் திறக்காமல், மறுநாள் பொழுது விடியும்போது ஒரு முறை வந்து பார்ப்பது நல்லது. ஓர் இரவு தண்ணீர் இல்லாமல் இருப்பதால் மழைக்காலத்தில் எந்தக் கொடியும் செத்துவிடாது.

அடுத்து, கொடியின் அடியில் நாலு விரற்கடை ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்கலாம். விரல் இடுக்கில் தண்ணீர் கசிந்தாலோ, மண் களிபோலக் கையில் ஒட்டினாலோ அந்தக் கொடிக்குத் தாகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. தரைமட்டத்தில் தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்க வேண்டும். நல்ல தண்டு பச்சையும் வெளுப்புமாகக் கெட்டியாக இருக்கும். நோய் கண்ட தண்டில், மண்ணுக்குச் சற்று மேலோ கீழோ உள்ள கணுவில் கறுப்புத் திட்டு தெரியும். இரண்டு விரலால் பிடித்து உருவினால் தோலும் சதையும் கூழ்போல வழுக்கிக்கொண்டு வந்துவிடும்; உள்ளே நார் மட்டும் மிஞ்சும். கெட்ட நாற்றமும் அடிக்கும். வேரைத் தோண்டினால் நுனிவேர்கள் கறுத்து, தொட்டவுடன் உதிரும். இவ்வளவும் இருந்தால் அது வாடல் நோய்தான்; சந்தேகம் வேண்டாம்.

இலையில் தெரியும் அடையாளங்கள்

தண்டு அழுகும் முன்பே, அல்லது தண்டு நன்றாக இருக்கும்போதே, இலையிலும் இதே நோய் வரும். தரையை ஒட்டிய ஓரடி, ஈரடி உயரத்து இலைகளில்தான் முதலில் காணும். மழைத்துளி தரையில் விழுந்து சேற்றோடு மேலே தெறிக்கிறது அல்லவா, அந்தத் தெறிப்பு எட்டும் உயரம் அது. இலையின் ஓரத்திலோ நடுவிலோ எண்ணெய் பட்டதுபோல ஓர் ஈரப்பொட்டு தோன்றும். இரண்டொரு நாளில் அது கருமையாகி ரூபாய் நாணயம் அளவுக்கு விரியும். மழை தொடர்ந்தால் இலை முழுதும் கொழகொழவென்று அழுகி விரலில் ஒட்டும். மழை விட்டுவிட்டுப் பெய்தால், பொட்டுக்குள் கருமையும் பழுப்பும் மாறிமாறி வளையம் வளையமாகத் தெரியும்.

எல்லாப் பொட்டும் இந்த நோய் ஆகாது. இங்கே தவறிப் போகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொட்டு உலர்ந்து, கறுத்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டியிருந்தால் அது பெரும்பாலும் கரும்புள்ளி நோய். அதில் இலை கொழகொழக்காது, காய்ந்து சருகுபோல் கிழியும். நரம்புகளுக்கு நடுவே சிறு சிறு மூலை உள்ள கட்டங்களாக, தண்ணீர் கோத்தது போலத் தெரிந்து பிறகு பழுப்பானால் அது பாக்டீரியா இலைப்புள்ளி. இனி, தண்டின் அடி அழுகி, அழுகிய இடத்தில் பஞ்சு நூல் போல வெள்ளையாகப் படர்ந்து, அதன் மேல் கடுகு கடுகாக உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது வேறு பூசணம், ஸ்கிளிரோஷியம் என்பார்கள். கொடி எங்கும் அழுகாமல் மெதுமெதுவாக மஞ்சளாகி, குட்டையாகி, இலை சிறுத்து வந்தால் வேரைப் பிடுங்கிப் பார்க்கவும். வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழுத் தாக்குதல். இந்த நூற்புழுவை அலட்சியம் செய்யக்கூடாது. அது துளைத்த வேரில் வாடல் பூசணம் சுலபமாக நுழைந்துவிடுகிறது.

மண்ணில் நோய் இருக்கிறதா என்று அறிய ஆய்வுக்கூடங்களில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அதை வீட்டுத் திண்ணையிலும் செய்து பார்க்கலாம். சந்தேகப்பட்ட இடத்து மண் ஒரு பிடி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, நாலு விரல் உயரம் தண்ணீர் விட்டுத் தெளிய வைக்க வேண்டும். நோயில்லாத தோட்டத்து இளம் வெற்றிலையைச் சிறு சிறு துண்டாக வெட்டி அதில் மிதக்கவிட்டு நிழலில் வைக்கவும். அதே போல இன்னொரு கிண்ணத்தில் வெறும் குடிதண்ணீரில் சில துண்டுகளை மிதக்கவிடுவது ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மூன்று நாளுக்குள் மண் கிண்ணத்துத் துண்டுகளின் ஓரம் மட்டும் கறுத்து ஈரமாக அழுகத் தொடங்கினால் அந்த மண்ணை நம்ப வேண்டாம். இந்தச் சோதனை முடிவான தீர்ப்பு ஆகாது என்றாலும், புதிதாகக் குத்தகைக்குப் பிடிக்கப் போகும் நிலத்துக்குச் செலவில்லாத முன்னெச்சரிக்கை.

தண்ணீரில் நீந்தி வரும் எதிரி

இந்த நோயை உண்டாக்கும் கிருமியின் பெயர் பைட்டோப்தோரா. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்து, லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் சாகக் காரணமாக இருந்ததும் இந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான். மலைத்தோட்டங்களில் மிளகுக் கொடியைச் சில நாளில் வாட்டும் நோயும் இந்தக் குடும்பத்தினுடையதே. மிளகும் வெற்றிலையும் ஒரே இனத்துக் கொடிகள் ஆயிற்றே. வெற்றிலையைத் தாக்கும் வகை ஆமணக்கையும் தாக்கக்கூடியது. பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த தஸ்தூர் என்ற விஞ்ஞானி 1913-ல் ஆமணக்கிலிருந்து அதைப் பிரித்து விவரித்தார். பிற்பாடு மத்திய மாகாணத்து வெற்றிலைத் தோட்டங்களின் நோய்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். ஆகவே இது நேற்று வந்த நோயும் அல்ல, நம் ஊருக்கு மட்டும் வந்த நோயும் அல்ல.

இதைப் பூசணம் என்று சொன்னாலும் மற்றப் பூசணங்களிலிருந்து இதற்கு ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மற்றவற்றின் வித்துக்கள் பெரும்பாலும் காற்றில் பறக்கும். இதன் வித்துக்கள் தண்ணீரில் நீந்தும். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்துக்கு இரண்டு வால் இருக்கிறது. மண் துகள்களுக்கு இடையே நிற்கும் தண்ணீரில், இலை மேல் படிந்த மெல்லிய ஈரப் படலத்தில்கூட, அவற்றை அசைத்துக்கொண்டு போகும். வேர்நுனியிலிருந்து கசியும் சாற்றின் வாடையைப் பின்பற்றி வேரைத் தேடி வரும். வேரில் ஒட்டியதும் வாலை உதறிவிட்டு உள்ளே நுழைந்துவிடும்.

இப்போது அந்த மாலைத் தண்ணீரை நினைத்துப் பார்க்கலாம். செத்த கொடியின் அடியில் இப்படிப்பட்ட வித்துக்கள் உற்பத்தியாகிக் காத்திருக்கும் நேரத்தில் மடையைத் திறந்தால், அவை வரிசை முழுதும் போய்ச்சேர வழி போட்டுக் கொடுத்தது போலாகிறது. வாய்க்கால் தண்ணீரை வாளியால் அள்ளிப் பாத்தி மேல் இறைத்தால், அடி இலைகளிலும் சேறும் வித்துமாகத் தெளிக்கிறோம். ஒரு தோட்டத்து வடிகால் அடுத்த தோட்டத்துக்குப் பாசன வாய்க்காலாக இருக்கும் இடங்களில் நோய் வரப்பைத் தாண்டிப் போவதற்கும் இதுவே காரணம். அண்டை வீட்டார் கண்ணேறு என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

தண்ணீர் வற்றிவிட்டால் கிருமி செத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தடித்த ஓடுள்ள வித்தாக மாறி மண்ணிலும், உதிர்ந்த இலையிலும், பிடுங்காமல் விட்ட வேரிலும் படுத்துக் கிடக்கும். அடுத்த ஐப்பசி மழையில் எழுந்து வரும். பகலில் மப்பும், இரவில் குளிரும், நாள் முழுதும் ஈரமுமாக இருக்கும் ஐப்பசி முதல் தை வரைதான் நம் பகுதிகளில் இதற்கு உகந்த காலம்.

நோய் கண்ட கொடியை என்ன செய்வது?

அடித்தண்டு கறுத்துவிட்ட கொடியைப் பிழைக்க வைக்கும் மருந்து கிடையாது. எந்தக் கடையில் யார் என்ன புட்டியைக் கொடுத்தாலும் சரி, கூழாகிப் போன தண்டு மறுபடி கூடாது. அந்தக் கொடிக்குச் செலவு செய்யும் பணத்தைப் பக்கத்தில் இருக்கும் நல்ல கொடிகளுக்குச் செலவு செய்வதே புத்திசாலித்தனம்.

கொடியை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். இழுத்தால் அடி அறுந்து வேர் மண்ணில் தங்கிவிடும். எடுத்த கொடியை வரிசை வழியே தரையில் இழுத்துச் செல்லாமல், அங்கேயே ஒரு சாக்கில் போட்டுக் கட்டித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் உலர்த்தி எரிக்கவும். வாய்க்காலில் வீசுவதும், எருக்குழியில் போடுவதும், வரப்பு ஓரத்தில் குவித்து வைப்பதும் நோயைச் சேமித்து வைப்பதற்குச் சமம். அடியில் உதிர்ந்து கிடக்கும் அழுகல் இலைகளையும் பொறுக்கிவிட வேண்டும். இது கூலி பிடிக்கும் வேலைதான். வீட்டுப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் கை கொடுத்தாலே பெரும் பகுதி முடிந்துவிடும்.

கொடி எடுத்த குழியிலும், அதைச் சுற்றி ஒரு பாகம் தூரத்துக்கு நிற்கும் நல்ல கொடிகளின் அடியிலும், 1 சதவீத போர்டோ கலவையை மண் நன்கு நனையும்படி ஊற்ற வேண்டும். அந்த வரிசைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தி, பக்கத்து வாய்க்காலை வெட்டி வடித்துவிட வேண்டும். இலை கிள்ளுவதிலும் கொடி கட்டுவதிலும் நல்ல வரிசைகளை முதலில் முடித்து, நோய் கண்ட வரிசைக்குக் கடைசியாகப் போவது அவசியம். வேலை முடிந்து வரும்போது காலையும் கத்தியையும் கழுவிவிட்டு வரவும். காலில் ஒட்டிய சேற்றில் போகும் நோயை எந்த மருந்தும் தடுக்காது. பொக்கை விழுந்த இடத்தில் அந்தப் பட்டத்திலேயே புதுக்கொடி நடுவது வீண்.

கிள்ளிய இலைகளைக் கவுளி கட்டும்போதும் கவனம் தேவை. கவுளிக்கு 100 இலை என்பது ஏட்டுக் கணக்கு. ஊருக்கு ஊர் அது கொஞ்சம் கூடும், குறையும். எத்தனை இலையானாலும், ஈரப்பொட்டு விழுந்த ஒரே ஓர் இலை நடுவில் மாட்டிக்கொண்டால், வாழை மட்டைக்குள் புழுங்கி லாரியில் ஓர் இரவு போகும்போது கட்டு முழுதும் அழுகிப் போகும். மண்டியில் அவிழ்த்துப் பார்த்தவர் அந்தக் கட்டை மட்டும் கழிக்க மாட்டார். சுமைக்கே விலையைக் குறைப்பார். ஆகவே மழைக்காலத்தில் அடி இலைகளைத் தனியாகக் கிள்ளிப் பிரித்து வைப்பதே நலம்.

போர்டோ கலவை தயாரிப்பு

இந்தக் கலவையின் பிறப்பு வேடிக்கையானது. பிரான்சு நாட்டில் போர்டோ நகரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க, சாலை ஓரத்துக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்து வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் குறைவாக இருந்ததை மில்லார்டே என்ற பேராசிரியர் 1882-ல் கவனித்தார். 1885-ல் அதைக் கலவையாக உலகுக்கு அறிவித்தார். இன்றும் சிறு விவசாயி தன் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய மலிவான பூசண மருந்து இதுவே.

1 சதவீதக் கலவை 10 லிட்டர் தயாரிக்க 100 கிராம் மயில்துத்தமும் 100 கிராம் நீற்றாத கல்சுண்ணாம்பும் தேவை. மயில்துத்தத்தைத் தூளாக்கி 5 லிட்டர் தண்ணீரில் கரைக்கவும். சுண்ணாம்பை வேறு பாத்திரத்தில் சிறிது தண்ணீர் விட்டுத் தாளித்து, பிறகு 5 லிட்டராக்கி, துணியில் வடிகட்டவும். அதன் பின், துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே ஒரு குச்சியால் கலக்க வேண்டும். மாற்றிச் செய்யக்கூடாது. மண்பானை, மரத்தொட்டி, பிளாஸ்டிக் வாளி எதுவும் ஆகும். இரும்பும் தகரமும் கூடவே கூடாது.

கலவை சரியா என்று பார்க்க, நன்றாகத் தீட்டிய ஒரு கத்தியை அதில் ஒரு நிமிஷம் முக்கி எடுக்கவும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, அது இலையைக் கருக்கிவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்த்து மறுபடி முக்கிப் பார்க்க வேண்டும். கத்தி வெளுப்பாகவே வந்தால் கலவை சரி. தயாரித்த அன்றைக்கே உபயோகித்துவிட வேண்டும். மறுநாள் வைத்தால் வீரியம் போய்விடும்.

குழிக்கு ஊற்ற 1 சதவீதம். இலை மேல் தெளிப்பதற்கு அதில் பாதி, அதாவது 10 லிட்டருக்கு 50 கிராம் துத்தம், 50 கிராம் சுண்ணாம்பு போதும். நோய் இன்னும் வராத கொடிகளின் அடியில், ஐப்பசியில் தொடங்கித் தை வரை மாதம் ஒருமுறை ஊற்றுவதற்குக் கால் சதவீதமே போதும். 10 லிட்டருக்கு 25 கிராம், 25 கிராம். அதிகம் ஊற்றினால் அதிக நன்மை என்று எண்ண வேண்டாம். செம்பு மண்ணில் தங்கிவிடும் பொருள்; வருஷா வருஷம் கூடினால் மண்புழுவுக்கும் மண்ணில் உள்ள நல்ல உயிர்களுக்கும் ஆகாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெற்றிலையைச் சமைப்பதில்லை, பச்சையாகவே வாயில் போட்டு மெல்லுகிறார்கள். பிள்ளை பெற்றவளும் மெல்லுகிறாள், சளி பிடித்த குழந்தைக்கும் சாறு கொடுக்கிறார்கள். எனவே பறிக்கத் தகுந்த இலைகளையெல்லாம் கிள்ளி முடித்த பிறகுதான் எந்த மருந்தையும் தெளிக்க வேண்டும். அடுத்த கிள்ளு வரை உள்ள இரண்டு மூன்று வாரம் இடைவெளியாக அமையும். அப்போதும் இலையை நல்ல தண்ணீரில் அலசித்தான் கட்ட வேண்டும். வேருக்குள்ளும் இலைக்குள்ளும் ஊடுருவும் மருந்துகளைக் கடைக்காரர் பேச்சை மட்டும் நம்பிக் கொடிக்காலில் அடிப்பது சரியல்ல.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியவை

மருந்தை விட மண்வெட்டியே இந்த நோய்க்கு முக்கிய ஆயுதம். கொடிக்கால் அமைக்கும்போது 2 மீட்டர் அகலத்துக்கு மேட்டுப் பாத்தியும், இரண்டு பாத்திக்கு நடுவே அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்துக்கு வாய்க்காலும் எடுக்கச் சொல்வதன் காரணம் பாசனம் மட்டுமல்ல, வடிகாலும்தான். வருஷம் முழுதும் பாத்தி மண் சரிந்து சரிந்து வாய்க்கால் ஒரு சாண் ஆழத்துக்குத் தூர்ந்துபோகிறது. புரட்டாசிக்குள் அதைத் தூர்வாரி, கடைமடையைத் திறந்து, பெருமழை பெய்த அன்று தண்ணீர் சில மணி நேரத்தில் வெளியேறும்படி செய்துவிட்டால் பாதி நோய் குறைந்த மாதிரி. டெல்டாப் பகுதியில் நெல் வயலுக்கு நடுவே கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். சுற்றிலும் வயலில் தண்ணீர் கட்டியிருக்கும்போது பாத்திக்கு அடியில் ஊற்று ஏறிவிடும்.

அகத்தியையும் அதே சமயத்தில் கழிக்க வேண்டும். கோடையில் கொடிக்கு நிழல் தரும் அதே தழை, மழைக்காலத்தில் குடைபிடித்து ஈரத்தை உலர விடாமல் செய்கிறது. பக்கக் கிளைகளை ஒடித்துவிட்டால் காற்றும் வெயிலும் அடிவரை இறங்கும். ஆட்டுக்குத் தழையும் ஆயிற்று. தரையைத் தொடும் அடி இலைகளையும் பக்கக் கொடிகளையும் கிள்ளி, அடித்தண்டு ஒரு சாண் உயரத்துக்கு வெறுமையாகத் தெரியும்படி விட்டால் சேற்றுத் தெறிப்பில் வரும் இலை அழுகல் வெகுவாகக் குறையும்.

வளர்ந்த கொடியை இறக்கி அடியில் சுருட்டிப் புதைக்கும் வேலையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. இறக்கும்போது தண்டில் கீறல் விழாமல் இராது. அந்தப் புண்ணோடு ஈரமண்ணில் புதைத்தால் நோயை அழைத்து விருந்து வைத்ததாகும்.

உரத்திலும் ஒரு நிதானம் வேண்டும். இலை நல்ல விலைக்குப் போகும் சமயம் யூரியாவை அள்ளி வீசினால் இலை பெரிதாகும், பச்சை கூடும். ஆனால் சதை மிருதுவாகி அழுகல் சுலபமாகப் பிடிக்கும். ஏக்கருக்கு வருஷத்துக்கு 60 கிலோ தழைச்சத்து என்ற பரிந்துரையில் பாதியை வேப்பம் பிண்ணாக்காகவும் மீதிப் பாதியை மட்டும் யூரியாவாகவும், மூன்று தவணையாகப் பிரித்து இடுவது நல்லது. யூரியா கணக்கு ஏக்கருக்கு மொத்தம் 65 கிலோதான் வரும். வேப்பம் பிண்ணாக்கு நூற்புழுவையும் குறைக்கிறது. இதோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தை, ஏக்கருக்கு 1 கிலோ வீதம் 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து கொடியின் அடியில் இடலாம். இதையும் போர்டோ கலவையையும் ஒரே சமயத்தில் இடக்கூடாது. கெட்ட பூசணத்தைக் கொல்லும் செம்பு நல்ல பூசணத்தை மட்டும் விட்டுவைக்காது. டிரைக்கோடெர்மாவை மழைக்கு வெகு முன்பாக, ஆடி ஆவணியிலேயே இட்டுவிடுவது வசதி.

கொடிக்காலின் நடுவிலும் ஓரத்திலும் கத்தரி, தக்காளி, மிளகாய் வைத்துச் சில்லறைச் செலவுக்குப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆனால் இந்தச் செடிகள் நூற்புழுவுக்கும் பைட்டோப்தோரா இனத்துக்கும் இடம் கொடுப்பவை. அவற்றைத் தவிர்ப்பது நல்லது. வேலி ஓரத்து ஆமணக்கும் அப்படியே.

வீட்டுக் கொல்லையில் கிணற்றடியிலோ தொட்டியிலோ ஒரு கொடி வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். பாத்திரம் கழுவிய தண்ணீர் நாள் முழுதும் அடியில் நின்றால் கொடி வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுவார்கள். தொட்டியானால் அடித் துவாரம் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். தண்டு இன்னும் கெட்டியாக இருந்தால் நுனியிலிருந்து நாலு கணு வெட்டிப் புது மண்ணில் வேறு தொட்டியில் ஊன்றிவிட்டு, பழைய மண்ணை அப்புறப்படுத்தலாம்.

அடுத்த நடவுக்கு

ரகத்தைப் பொறுத்தவரை கற்பூரி, வெள்ளைக்கொடி, பச்சைக்கொடி, சிறுகமணி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சிறுகமணி 1 என்று பல இருந்தாலும், இந்த நோய் அண்டவே அண்டாது என்று எந்த ரகத்தையும் நம்பி உட்கார முடியாது. விதைக்கொடி எடுக்கும் தோட்டம்தான் முக்கியம். ஒரு வருஷத்துக்கு மேல் வயதுள்ள, கடந்த மழைக்காலத்தில் வாடல் காணாத தோட்டத்திலிருந்து, நுனிப்பகுதிக் கொடியைத்தான் எடுக்க வேண்டும். நோய் வந்த தோட்டத்தில் நன்றாக நிற்கும் கொடியைச் சொந்தக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வெட்டிய முனையைப் பார்த்தால் உள்ளே வெளுப்பாக இருக்க வேண்டும். பழுப்புக் கோடு ஓடினால் தள்ளிவிடலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் துத்தம், 5 கிராம் சுண்ணாம்பு கலந்த மிக நீர்த்த போர்டோ கலவையில் விதைக்கொடிகளை அரை மணி நேரம் ஊறவைத்து நடுவது வழக்கம்.

வாடலில் அழிந்த கொடிக்காலை அழித்துவிட்டு அதே நிலத்தில் மறு வருஷமே வெற்றிலை வைக்கக்கூடாது. இடையில் நெல்லோ கரும்போ வைத்து இரண்டு மூன்று வருஷம் கழித்துத் திரும்புவது பழைய கொடிக்கால்காரர்கள் கையாண்ட முறை. குத்தகைக்காரர்கள் ஒப்பந்தம் பேசும்போதே நிலத்தில் இதற்கு முன் என்ன இருந்தது, கொடிக்கால் இருந்ததானால் எப்படி முடிந்தது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். நிலத்துக்காரர் சொல்லாவிட்டால் அக்கம்பக்கத்தார் சொல்லுவார்கள். அதுவும் இல்லாவிட்டால் கிண்ணத்தில் மண்ணைப் போட்டு வெற்றிலைத் துண்டை மிதக்கவிட்டு மூன்று நாள் காத்திருந்த பிறகு முன்பணம் கொடுக்கலாம்.